மலை காணும் பருவம்

ஓர் ஊரைக் காண விரும்புவோர் முதலில் கேட்பது, "அவ்வூர் எங்கே உள்ளது? அங்குச் செல்லும் வழி யாது?" என்பதே. "அவ்வூருக்கு எப்பொழுது செல்ல வேண்டும்?" என்று கேட்போர் மிகச் சிலரே. இடம் தெரிந்தால் போதும். காலம் எதுவாயினும் கவலையில்லை என்பது பலருடைய எண்ணம்.

பண்டைத் தமிழர் அவ்வாறு எண்ணவில்லை. நிலத்தையும் பொழுதையும் அவர்கள் இணைத்தே நோக்கினர். தொல்காப்பியம் இவ்விரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்று கூறுகிறது. ஓராண்டை அவர்கள் ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சி நிலத்திற்குக் கூதிரும் முன்பனியும் உரிய பெரும்பொழுதுகள் என்று அவர்கள் குறித்தனர்.

இவ்வகுப்பு அகப்பாடல்களுக்கு அமைந்த இலக்கணமே. எனினும், நிலத்தைக் கூர்ந்து நோக்கிய அறிவும் அதனுள் பொதிந்து கிடக்கின்றது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையையும் அதன்மேல் அமைந்த ஏற்காட்டையும் எடுத்துக்கொண்டு, ஓராண்டில் அம்மலை பூணும் கோலங்களை ஒவ்வொன்றாகக் கண்டால் இவ்வுண்மை இனிது விளங்கும்.

மலையும் வழியும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஏற்காடு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏரியும் காடும் ஒருங்கே அமைந்தமையால் இவ்வூர் ஏற்காடு எனப் பெயர் பெற்றது என்பர். உதகையையும் கொடைக்கானலையும் நோக்க இங்குத் தங்குவதற்கும் உண்பதற்கும் செலவு குறைவாதலின், "ஏழைகளின் ஊட்டி" என்று மக்கள் இதனை அன்புடன் அழைப்பதுண்டு. மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சேர்வராயன் குகைக்கோயில் உள்ளது. அங்கே சேர்வராயனும் காவிரியம்மனும் வழிபடப் பெறுகின்றனர்.

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட நேர்வழி. அதன் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மற்றொன்று, அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் ஆகிய ஊர்களைக் கடந்து, கொட்டச்சேடு என்னும் மலைச்சிற்றூரின் வழியாக ஏறுவது. முதல் வழியில் வண்டிகள் மிகுதி. இரண்டாம் வழியிலோ காட்டின் அமைதி மிகுதி. கொட்டச்சேட்டுப் பக்கத்தில் தேக்குக் காடும் காப்பித் தோட்டங்களும் சூழ்ந்துள்ளன. மலையின் பருவ மாற்றங்களைக் கற்பதற்கு அத்தேக்குக் காட்டைவிடச் சிறந்த ஏடு வேறில்லை எனலாம்.

இளவேனில்: எல்லாரும் வரும் காலம்

மலைவாழிடங்களுக்கு மக்கள் மிகுதியாகச் செல்வது சித்திரை, வைகாசித் திங்கள்களில்தான். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, சமவெளியின் வெப்பம். மற்றொன்று, பள்ளிகளின் கோடை விடுமுறை.

மலை குளிர்ந்திருப்பது ஏன்? கதிரவனின் ஒளி முதலில் நிலத்தைச் சூடாக்குகிறது. சூடேறிய நிலம் தன்னைத் தொட்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அக்காற்று மேலெழும்போது, மேலே காற்றழுத்தம் குறைவாயிருத்தலின், விரிந்து பரவுகிறது. விரிகின்ற காற்றுத் தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்திற்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியசு வெப்பம் குறையும் என்பர் அறிவியலார். ஏற்காடு சேலத்தினும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமானது. ஆகவே, சேலத்தில் 38 பாகை வெப்பம் வாட்டும் நாளில் ஏற்காட்டில் அது 30 பாகையளவில் இருக்கும். சமவெளி மக்களுக்கு இது பெரியதோர் ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

வைகாசித் திங்களில் சேர்வராயன் கோயிலில் திருவிழா நடைபெறுகிறது. மலையாளி எனப் பெயர் பெற்ற மலைவாழ் பழங்குடி மக்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கு வந்து கூடுவர். இவர்கள் கேரள நாட்டவர் அல்லர், தமிழ் பேசுவோர், மலையில் வாழ்தலால் இப்பெயர் பெற்றோர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் வரலாறு. மே மாதத்தில் அரசினர் கோடை விழாவும் மலர்க் காட்சியும் நடத்துகின்றனர். விழாவையும் மக்கள் திரளையும் விரும்புவோர்க்கு இளவேனில் ஏற்ற காலமே.

ஆயினும், இப்பருவத்தில் காணக் கிடைக்காதவையும் உள. சமவெளியில் வாழும் ஒரு குடும்பத்தினர் மே மாதத்தில் ஏற்காட்டிற்குச் சென்றனர் என்று வைத்துக்கொள்வோர், அவர்களுக்கு நேரக்கூடியதை எளிதில் உணரலாம். தந்தை, தாய், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மகன், அவன் தங்கை ஆகிய நால்வரும் விடியற்காலையில் புறப்படுகின்றனர். மலைப்பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நின்று ஊர்கின்றன. ஏரிக்கரையில் படகேற நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. பின்னர், கிளியூர் அருவியைக் காணும் ஆவலுடன் அவர்கள் படிகளில் இறங்குகின்றனர். படம் பார்த்து மகிழ்ந்த அருவி அங்கே இல்லை. ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள கரும்பாறையும், அதன்மேல் கசியும் சிறு நீரும் மட்டுமே தோன்றுகின்றன.

"அப்பா, அருவி எங்கே?" என்று சிறுமி கேட்கிறாள். தந்தையிடம் விடையில்லை. "இதைக் காணவா இவ்வளவு தொலைவு வந்தோம்?" என்று தாய் வருந்துகிறாள்.

திரும்பும்போது அவர்கள் நெரிசலுக்கு அஞ்சிக் கொட்டச்சேட்டு வழியாக இறங்குகின்றனர். அங்கே ஒரு தேநீர்க் கடையில் தோட்டத் தொழிலாளியாகிய முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். குறையைக் கேட்ட அவர் சிரித்து, "அம்மா, மலை உங்களை ஏமாற்றவில்லை. மழை பெய்யாமல் அருவி எங்கிருந்து வரும்? ஐப்பசி கழித்து வாருங்கள். அப்போது மலையே உங்களை அழைத்து அருவியைக் காட்டும்" என்கிறார்.

அம்முதியவர் சொல்லில் அடங்கிய செய்தி எளியது. கிளியூர் அருவி பெரிதும் ஏற்காட்டு ஏரியின் மிகுதிநீரைக் கொண்டது. மழையால் ஏரி நிறைந்து வழிந்தாலன்றி அருவி பெருகாது. குளிர்ச்சியை நாடி வருவோர்க்கு மே மாதம் உகந்தது. நீரை நாடி வருவோர்க்கு அஃது உகந்ததன்று. ஆகவே, "எப்பருவம் நல்லது?" என்னும் வினாவிற்கு முன்னர், "எதனைக் காண விரும்புகிறோம்?" என்னும் வினா எழுதல் வேண்டும்.

முதுவேனிலும் காரும்: மலை நீராடும் காலம்

ஆனித் திங்கள் தொடங்கியதும் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வருவதால், அக்காற்றின் நீர்வளத்திற் பெரும்பகுதி அங்கேயே பொழிந்துவிடுகிறது. எஞ்சிய ஈரமும், பிற்பகல் வெப்பத்தால் எழும் இடிமழையும் சேர்வராயன் மலைக்குக் கிடைக்கின்றன. ஆவணி, புரட்டாசித் திங்கள்களில் மழை வலுக்கிறது. அதன்பின் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. இங்ஙனம் இரு பருவமழையாலும் பயன்பெறும் பேறு இம்மலைக்கு உண்டு. ஓராண்டில் இங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் ஆகும். மலையடியில் உள்ள சேலம் இதனினும் மிகக் குறைவாகவே மழை பெறுகிறது.

இக்காலத்தில் கொட்டச்சேட்டுத் தேக்குக் காட்டைக் காண வேண்டும். கோடையில் மொட்டையாய் நின்ற மரங்கள் யாவும் அகன்ற இலைகளைக் குடைபோல் விரித்து நிற்கின்றன. அவற்றின் உச்சியில் வெண்ணிறச் சிறுபூங்கொத்துகள் மலர்கின்றன. இலைகளின்மேல் மழைத்துளி விழும் ஓசை காடு முழுவதும் ஒலிக்கின்றது. மூடுபனி திடீரென்று இறங்கி வழியை மறைக்கின்றது. சிறிது நேரத்தில் விலகி, கழுவித் துடைத்த பசுமையைக் காட்டுகின்றது.

தொலைதூரக் காட்சிகளை விரும்புவோர்க்கு இக்காலம் பொருந்தாது. காட்சிமுனைகளில் நின்றால் வெண்முகிலன்றி வேறொன்றும் தோன்றாத நாள்கள் பல. காட்டையும் முகிலையும் அமைதியையும் விரும்புவோர்க்கோ இதனினும் இனிய காலம் இல்லை.

மலையில் பெய்யும் இம்மழை மலைக்கு மட்டும் உரியதன்று. சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இம்மலையிற் பிறப்பதே. சரபங்காவும் வாணியாறும் இங்கே தோன்றுவனவே. காட்டின் வேர்களும் சருகும் மழைநீரைத் தாங்கி நிலத்தினுள் இறக்கிச் சிறிது சிறிதாக விடுவதால்தான் ஓடைகள் மழை ஓய்ந்த பின்னும் ஓடுகின்றன. மழைக்காலத்து மலையைக் கண்டவர்க்கே, ஆறு எங்கே பிறக்கிறது என்பது நேரிற் புலனாகும்.

கூதிர்: அருவியின் காலமும் அச்சத்தின் காலமும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வங்கக் கடலிலிருந்து வரும் வாடைக்காற்று மழையைக் கொணர்கிறது. ஏரி நிறைகிறது. மே மாதத்தில் கரும்பாறையாய்க் கிடந்த கிளியூர் அருவி வெண்ணிறத் திரைபோலப் பள்ளத்தாக்கினுள் வீழ்கிறது. மலையெங்கும் பெயரில்லாச் சிறு அருவிகள் வழியோரங்களிலே துள்ளி இறங்குகின்றன.

ஆனால், அழகு மிகுந்த இப்பருவமே இடரும் மிகுந்தது. புயல் கரையைக் கடக்கும் நாள்களில் மலையில் பெருமழை கொட்டும். ஈரத்தால் கனத்த மண், சரிவில் நிற்கும் ஆற்றலை இழந்து, பாறைகளோடும் மரங்களோடும் சேர்ந்து பாதையில் விழும். 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலால் பெய்த பெருமழையின்போது ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவுகள் நேர்ந்தன, போக்குவரத்துத் தடைப்பட்டது. மலைவாழ் மக்கள் அன்றாடப் பொருள்களுக்கும் மருத்துவ உதவிக்கும் அப்பாதைகளையே நம்பியிருப்பவர்கள். ஆதலால், வானிலை நிலையத்தார் எச்சரிக்கை விடுத்த நாளில் மலையேறுதல் துணிவன்று, அறியாமையே ஆகும். அந்நாளில் செல்வோர் தமக்குத் தீங்கு தேடிக்கொள்வதோடு, மீட்புப் பணியில் ஈடுபட்டோர்க்கும் இடையூறாவர். மழை ஓய்ந்து, பாதை திறந்த பின்னர்ச் செல்வதே முறை. அருவி ஒரே நாளில் வற்றிவிடாது.

முன்பனி: மலை உழைக்கும் காலம்

மார்கழி பிறந்ததும் முகில் கலைகிறது. வானம் தெளிகிறது. இரவிலும் விடியலிலும் குளிர் நடுக்குகிறது. வெப்பம் 13 பாகையளவிற்கு இறங்குவதுண்டு. லேடீஸ் சீட் என வழங்கும் காட்சிமுனையில் மாலையில் நின்றால், கீழே சேலம் நகரின் விளக்குகள் விண்மீன்கள் நிலத்தில் இறங்கினாற்போல ஒளிர்கின்றன. வானம் மாசற்ற நாளில் தொலைவிலுள்ள மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும் என்பர்.

இக்காலத்தின் தனிச்சிறப்புக் காப்பி அறுவடையாகும். சேலம் மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த காக்பர்ன் என்பார் 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். இன்று அதுவே இம்மலையின் தலையாய பயிராகும். இங்குக் காப்பிச் செடிகள் வெட்டவெளியில் வளர்க்கப்படுவதில்லை. சில்வர் ஓக் முதலிய உயர்ந்த மரங்களின் நிழலில் அவை வளர்கின்றன. அம்மரங்களில் மிளகுக்கொடி சுற்றிப் படர்கின்றது. இவ்வாறு ஒரே நிலத்தில் மரமும் கொடியும் செடியும் மூன்றடுக்காய் நிற்கும் காட்சி, பிரித்தறிய முடியாதவாறு காட்டோடு ஒன்றியுள்ளது.

கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழங்கள் செந்நிறமாகின்றன. எல்லாப் பழங்களும் ஒருசேரப் பழுப்பதில்லை. ஆதலின், தொழிலாளர் கூடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு, ஒரே செடியிடம் பன்முறை சென்று, பழுத்தவற்றை மட்டும் பறிக்கின்றனர். பறித்த பழங்களைத் தோலுரித்துக் கழுவி, களத்தில் பரப்பி உலர்த்துகின்றனர். பழங்களைத் தோலோடு உலர்த்தும் முறையும் உண்டு. களத்தில் காயும் கொட்டைகளின்மேல் திடீர்மழை பெய்துவிட்டால் பல திங்களின் உழைப்பும் வீணாகும். ஆதலால், வானத்தை நோக்கிய வண்ணமே அவர்கள் வேலை செய்கின்றனர். சமவெளியில் ஒவ்வொரு வீட்டிலும் விடியற்காலையில் மணக்கும் காப்பியின் பின்னே எத்தனை கைகளின் உழைப்பு உள்ளது என்பதை அறிய விரும்பும் மாணவர்க்கு இப்பருவமே ஏற்றது. மே மாதத்தில் வருவோர் மலையின் ஓய்வைக் காண்கின்றனர். முன்பனியில் வருவோர் மலையின் உழைப்பைக் காண்கின்றனர்.

பின்பனி: காய்தலும் மலர்தலும்

மாசி, பங்குனித் திங்கள்களில் மலை காயத் தொடங்குகிறது. மிளகு அறுவடையாகிறது. கொட்டச்சேட்டுத் தேக்கு மரங்கள் தம் இலைகளை உதிர்த்து வெறுங்கிளைகளோடு நிற்கின்றன. இவை பட்டுப்போயின என்று புதியவர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இலையின் வழியே நீர் ஆவியாய் வெளியேறுகிறது. நிலத்தில் நீர் குன்றிய காலத்தில் அச்செலவைக் குறைத்துக்கொள்ளவே மரம் இலையை உதிர்க்கிறது. வருவாய் குறைந்த காலத்தில் செலவைச் சுருக்கும் இல்லத்தரசியின் அறிவு அம்மரத்திற்கு உண்டு.

உதிர்ந்த இலைகள் உலர்ந்து கிடக்கும் இப்பருவத்தில் காட்டுத்தீயின் அச்சம் பெரிது. அணைக்காமல் எறிந்த ஒரு தீக்குச்சி ஒரு குன்றையே கருக்கிவிடும். காட்டினுள் அடுப்பு மூட்டுதல் எக்காலத்தும் தவறு. பின்பனியில் அது பெருந்தவறு.

வறண்ட இக்காலத்தின் இறுதியில் ஒரு வியப்பு நிகழ்கிறது. பங்குனியிலோ சித்திரையிலோ ஒருநாள் மழை பெய்கிறது. அதுவரை மொட்டு நிலையில் உறங்கிக் கிடந்த காப்பிச் செடிகள், அம்மழை பெய்த ஏறத்தாழ ஒன்பது, பத்து நாள்களில் ஒருசேரப் பூக்கின்றன. தோட்டம் முழுவதும் வெண்மை போர்த்தினாற்போலத் தோன்றும். மல்லிகையை ஒத்த மணம் வழியெங்கும் பரவும். இவ்வழகு இரண்டு மூன்று நாள்களே நிற்கும். நாள்காட்டியைப் பார்த்து இதற்கு நாள் குறிக்க முடியாது. மழை எந்நாளில் வருமோ, அந்நாளை ஒட்டியே இது நிகழும். அம்மழை காலந்தவறினால் பூ குன்றும். பூ குன்றினால் அடுத்த அறுவடை குன்றும். பார்ப்பவர்க்கு இரண்டு நாள் அழகாய்த் தோன்றும் இது, தோட்டத்தார்க்கு ஓராண்டு வாழ்வாகும்.

பிற நாடுகளிலும் இவ்வாறே

பருவம் நோக்கி இடம் காணும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. ஜப்பான் நாட்டில் கியோட்டோ என்னும் பழம்பெரு நகர் உள்ளது. 794ஆம் ஆண்டில் தலைநகராகி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசரின் இருப்பிடமாய் விளங்கிய நகர் அது. மார்ச்சு இறுதியிலும் ஏப்பிரல் தொடக்கத்திலும் அங்குச் செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. ஜூன் மாதம் மழைக்காலம். ஜூலையில் கியோன் திருவிழா நிகழ்கிறது. ஆனால், மலைகளால் சூழப்பட்ட அந்நகரில் புழுக்கம் மிகுதி. நவம்பரில் மேப்பிள் மரங்களின் இலைகள் செந்நிறம் கொள்கின்றன. குளிர்காலத்தில் சில நாள்களில் கோயிற் கூரைகளின்மேல் பனி படிகின்றது. ஒவ்வொரு பருவத்திற்கும் அங்கே அன்பர் உண்டு. எல்லார்க்கும் ஒரே பருவம் சிறந்தது என்று அந்நகரத்தாரும் கூறார்.

கியோட்டோ மக்கள் பூக்கும் காலத்தைப் போற்றியதோடு நில்லாமல், அதனை எழுதியும் வைத்தனர். அரசவையினரும் துறவியரும் எழுதிய நாட்குறிப்புகளைத் தொகுத்த அறிஞர்கள், 812ஆம் ஆண்டு முதல் அங்குச் செர்ரி மலர்ந்த நாள்களைக் கண்டறிந்துள்ளனர். 2021ஆம் ஆண்டில் மார்ச்சு 26ஆம் நாளிலேயே அம்மலர்கள் முழுதும் விரிந்தன. ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளில் அதுவரை கண்டிராத முந்திய நாள் அது. உலகம் வெப்பமடைந்து வருதலை இம்மலர்கள் அறிவிக்கின்றன. பூ விரிந்த நாளை அன்று குறித்து வைத்தவர்கள், பின்வரும் உலகிற்கு இத்துணைப் பெரிய அறிவைத் தருகிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

தமிழகத்தின் அண்மையிலும் அத்தகைய காலக்கணக்கு உண்டு. மூணாற்றை அடுத்த இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பெருந்திரளாகப் பூக்கிறது. 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் அது பூத்தது. அதனைக் காண விழைவோர் திங்களை மட்டுமன்றி ஆண்டையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வருவோர் கடமை

பருவத்தைத் தேர்வது தன் இன்பத்திற்காக மட்டும் அன்று; மலையின் நலத்திற்காகவும் ஆகும். ஏரியின் நீர் குறைந்து, ஓடைகள் மெலிந்து நிற்கும் கோடையில்தான் பெருங்கூட்டம் மலையேறுகிறது. குளிப்பதற்கும் சமைப்பதற்கும் அவர்கள் நீர் வேண்டுகின்றனர். அந்நீர் மலைவாழ் மக்களின் குடிநீரே அன்றோ? குறுகிய பாதையில் வண்டிகள் நெருங்கி நின்றால், நோயாளியை ஏற்றிவரும் வண்டியும் அவற்றினிடையே நிற்க வேண்டும். இவ்விடரைக் கருதியே, 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் முன்னரே இ-பாஸ் என்னும் அனுமதிச்சீட்டுப் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. கூட்டத்தைச் சட்டம் கட்டுப்படுத்தும் நிலை வருமுன், மக்கள் தாமே பருவங்களைப் பகிர்ந்துகொண்டு செல்வது பண்பாகும்.

"கோடை விடுமுறையன்றி எங்களுக்கு வேறு காலம் ஏது?" என்று மாணவர் கேட்கலாம். அது நேர்மையான வினாவே. எல்லாரும் எல்லாப் பருவத்திலும் செல்ல இயலாது. ஆயினும், அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை மார்கழியில் வருகின்றது. அப்பொழுது மழை பெரிதும் ஓய்ந்திருக்கும், அருவி முற்றும் வற்றியிராது, காப்பிப் பழங்கள் சிவந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். ஆண்டிறுதி நாள்களின் கூட்டத்தைத் தவிர்த்துச் செல்லின் அமைதியும் கிட்டும். மே மாதத்திலேயே செல்ல நேர்ந்தால், அருவியை எதிர்பாராமல், திருவிழாவையும் குளிர்காற்றையும் கண்டு மகிழலாம். நீரைச் சிக்கனமாய்ச் செலவிடலாம்.

முன்னர்க் கண்ட குடும்பத்தினர் முதியவரின் சொல்லை ஏற்று, அவ்வாண்டு மார்கழியிலே மீண்டும் புறப்பட்டனர் என்று கொள்வோர், அக்காட்சியையும் மனத்திற் காணலாம். இம்முறை அவர்கள் கொட்டச்சேட்டு வழியாகவே ஏறுகின்றனர். தேக்கு இலைகள் இன்னும் உதிரவில்லை. தோட்டங்களில் பறிக்கும் கைகள் விரைகின்றன. அதே தேநீர்க் கடையில் அம்முதியவரும் இருக்கிறார். "தாத்தா, அருவியைப் பார்க்க வந்துவிட்டோம்!" என்று சிறுமி கூவுகிறாள். "நீ வருவாய் என்று அருவியும் காத்திருக்கிறது, கண்ணு. படியிற் பார்த்து இறங்கு, பாசி வழுக்கும்" என்கிறார் அவர். அன்று பிற்பகலில், நீரின் ஓசை கண்ணுக்குப் புலப்படுமுன் காதில் விழுகிறது. சிறுமி ஓடிச்சென்று பார்க்கிறாள். மே மாதத்தில் கண்ட அதே பாறை. ஆனால், இப்பொழுது அதன்மேல் மலையின் மழையெல்லாம் இறங்கி வருகின்றது.

இடம் ஒன்றே, பருவம் வேறு. பருவம் மாறினமையால் அவ்விடமே புதிதாயிற்று. நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்ற முன்னோர் கருத்தின் நுட்பம் இதுவே. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் அவர்கள் உரிமையாக்கியதன் பொருத்தத்தைச் சேர்வராயன் மலை இன்றும் காட்டி நிற்கிறது. காண விரும்புவது எது என்று முதலிற் தெளிந்து, அதற்குரிய பருவத்தை அறிந்து, அங்கு வாழ்வோர்க்கு இடையூறு நேராவண்ணம் செல்வோர்க்கே ஓரிடம் தன் முழு அழகையும் காட்டும்.